சுபாஜினியின் இடது கை

மாசி மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, நற்கருணைப் பாட்டின் நடுவில், கோயிலின் கீபோட் செத்துப்போனது. மேளம், பேஸ் கிற்றார், வயலின் கூட்டம் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. அவை அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தவை. பாடகர் குழாமின் பதினெட்டுப் பேரும் வாய் திறந்தபடி இரண்டு கணம் நின்றார்கள். பிறகு பின்வரிசையில் ஒருத்தி விட்ட இடத்திலிருந்து பிடிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுபாஜினி ஒலி இழந்த கட்டைகளின் மேல் கையை வைத்தபடியே பாடி முடித்தாள்.

அரியாலைக் கடனீரேரியிலிருந்து வரும் உப்புக் காற்று பதினான்கு வருடமாக அந்தப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆகவே யாரும் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை. பூசை முடிந்ததும் பங்குச்சபைச் செயலாளர் செபநாயகம் வந்து, செத்தவீட்டில் நிற்பவரைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். முகத்தில் மட்டும் துக்கம் இல்லை.

“கனடாவிலை இருந்து கனிசியஸ் அரை வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறான், தாயின்ரை நினைவாக் கோயிலுக்கு என்ன செய்ய எண்டு. நான் கதிரை எண்டனான். கதிரையிலை ஆக்கள் இருந்தா அம்மாவின்ரை பேர் மறைஞ்சிடுமாம், வேண்டாமாம். இப்ப கடவுளாப் பாத்து இதைச் சாகடிச்சிருக்கிறார், பிள்ளை.”

அடுத்த நாளே அவர் நகரத்துக் கடையொன்றோடு கதைத்துவிட்டு அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு கடதாசித் துண்டு.

“கடைக்காரன் ரெண்டு சொல்லுறான். விலை ரெண்டும் ஒண்டுதான். ஒண்டு அரேஞ்சராம். மற்றது ஏதோ வேர்க்ஸ்ரேசனாம். எனக்குத் தெரிஞ்ச ஸ்ரேசன் பொலிஸ் ஸ்ரேசனும் றெயில் ஸ்ரேசனும்தான். நீர் போய்ப் பாத்துச் சொல்லும். நிருஷனையும் கூட்டிக்கொண்டு போம். விபூதிப் புதனுக்கு முதல் முடிவு வேணும்.”

“வேறை ஆரையும் கேட்டுப் பாக்கலாமே, அண்ணை?”

“ஆரைக் கேக்கிறது? இந்தப் பங்கிலை கீபோட் எண்டா நீர்தானே.”

அது உண்மை. சுபாஜினி சத்தம் போட்டுக் கதைக்காதவள். பங்குக் கூட்டத்தில் அவள் வாய் திறந்து யாரும் கண்டதில்லை. பாடகர் குழாமில் யாருக்கும் பிழை சொல்ல மாட்டாள். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் அவள் நிற்கும்போது கோயிலில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. கலியாணப் பூசைக்கு நாள் குறிப்பவர்கள் பாதரிடம் கேட்பதற்கு முன் அவளிடம் கேட்டார்கள். வலது கையால் மெட்டு, இடது கையால் கோட்ஸ், இரண்டு கையாலும் ஒரு முழு இசைக்குழுவையே நடத்துகிறாள் என்று வெளியூரிலிருந்து வந்த பாதர்மார் பிரசங்க மேடையிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

அவளுக்கு இடது கை வாசிக்கத் தெரியாது.

இதை அவளைத் தவிர யாரும் அறிய மாட்டார்கள். இரண்டாயிரத்து ஆறில், சண்டையால் பாதை மூடியிருந்து பின்னேரமானால் ஊரடங்கு வரும் காலத்தில், அவளுக்குப் பதின்மூன்று வயது. கொழும்புக்குப் போன மாமா ஒருவர் ஒரு சின்னக் கீபோட்டை அவர்களுடைய வீட்டில் விட்டுப் போனார். சொல்லித் தர ஆள் இல்லை. கூடவே இருந்த கையேட்டில் தமிழ் இல்லை. பள்ளிக்கூட ஆங்கிலத்தையும் அகராதியையும் வைத்து அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதில் ஒரு பக்கம் அவளை மயக்கியது. ஒரு பொத்தானை அழுத்திவிட்டு இடப்பக்கத்தில் ஒரே ஒரு கட்டையைத் தொட்டால் போதும். மூன்று சுரங்கள் சேர்ந்த கோட்ஸைப் பெட்டியே போட்டு, மேளத்தையும் பேஸையும் அதற்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ளும். சோகமான கோட்ஸ் வேண்டுமென்றால் அந்தக் கட்டையோடு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையையும் சேர்த்துத் தொட வேண்டும். அவ்வளவுதான். ஒரு கிழமையில் அவள் தேர்ந்துவிட்டாள்.

பதினெட்டு வயதில் கோயிலுக்கு அதே வகைப் பெரிய பெட்டி, அந்த அரேஞ்சர், வந்தபோது, அதை வாசிக்க இருந்தவர் வெளிநாடு போக, அவளை நிறுத்தினார்கள். முதல் வருடம் அவள் நினைத்தாள், அடுத்த வருடம் ஒழுங்காகப் பழகிவிடலாம் என்று. அதற்குள் பாராட்டத் தொடங்கிவிட்டார்கள். பாராட்டு வந்த பிறகு பழகத் தொடங்குவது எளிதல்ல; பழகுகிறேன் என்றால், இதுவரை தெரியாது என்று ஆகிவிடும். தவக்காலத்தில் மேளத்தை நிறுத்தி வாசிக்கும்போதுகூட அந்த ஒற்றை விரலுக்குப் பெட்டி முழுக் கோட்ஸையும் தந்தது. ஆகவே மாட்டிக்கொள்ள வழியே இல்லாமல் பதினான்கு வருடம் போய்விட்டது.

சனிக்கிழமை காலை நிருஷனை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். நிருஷனுக்கு இருபது வயது. தமையனோடு கடனீரேரியில் நண்டு வலை போடுபவன். பின்னேரங்களில் கோயிலுக்கு வந்து, மூன்று வருடமாக அவள் கையைப் பார்த்துப் பார்த்துக் கீபோட் பழகியவன். வீட்டில் அவனுக்குப் பெட்டி இல்லை, கோயில் பெட்டிதான்.

கடைக்காரர் நளீருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து, ரேடியோ திருத்தப் பழகி, திரும்பி வந்து இந்தக் கடையைத் திறந்தவர். கீபோட் விற்பார், திருத்துவார். தான் வாசிக்க மாட்டார். வீட்டில் அதற்கு விருப்பமில்லை, அவருக்கும் அது பழகிவிட்டது. யாராவது வாசித்துப் பார்க்கும்போது கைகளைக் கட்டிக்கொண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டையும் ஒரே மேசையில் அருகருகே வைத்திருந்தார்.

“இது அரேஞ்சர். நீங்க கோட்ஸைத் தொட்டாக் காணும், மிச்ச ஆக்கள் எல்லாரும் உள்ளுக்க இருக்கினம். இது வேர்க்ஸ்ரேசன். இதுக்குள்ள ஆக்கள் இல்லை, சத்தங்கள் இருக்கு. மேளம் வேணுமெண்டா நீங்கதான் அடிச்சுப் பதியோணும், பேஸ் வேணுமெண்டா நீங்கதான். ஆனா அந்தச் சத்தம் இருக்குத்தானே மிஸ், அது வேறை.”

நிருஷன் பொறுக்க மாட்டாமல் வேர்க்ஸ்ரேஷனுக்கு முன்னால் போய் நின்றான். வலது கையால் ஒரு நற்கருணைப் பாட்டின் முதல் அடியை வாசித்தான். வயலின்கள் கடைக்குள் எழுந்தன. பழைய பெட்டியில் வரும் வயலின் அல்ல. வில் நரம்பில் உரசுவது கேட்டது. அவன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் கண் பளபளத்தது. பிறகு இடது கையைக் கொண்டுபோய், அவள் எப்படி வைப்பாளோ அப்படியே ஒரு விரலை வைத்தான்.

மெல்லியதாக ஒரு சுரம் வந்தது. ஒன்றே ஒன்று.

அவன் இன்னும் அழுத்தி வைத்தான். அதே ஒன்று, கொஞ்சம் உரத்து. அடுத்து சோகக் கோட்ஸுக்காகக் கறுப்புக் கட்டையையும் சேர்த்துத் தொட்டான். பூனையின் வாலை மிதித்தது போல ஒரு சத்தம்.

“நானா, இது பழுது போலை,” என்றான் நிருஷன். “கோட்ஸ் வருதில்லை.”

“பழுதோ? நேற்றுத்தான் பெட்டி உடைச்சது, தம்பி.”

“பாருங்கோவன். ஒண்டுதான் கத்துது.”

நளீர் சிரித்துவிட்டார். “தம்பி, இதுக்கு...” என்று தொடங்கியவர் சுபாஜினியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

அவளுடைய காது மடல்கள் சூடாகின. சொல்ல வேண்டியது ஒரு வரிதான். ஆனால் வாயில் வந்தது வேறு வரி.

“செற்றிங் ஏதும் மாத்தோணும் போலை, நிருஷன்.”

நளீர் துடைக்கிற துணியை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத ஒரு கட்டையைத் துடைத்தார். “ஓம்,” என்றார். “செற்றிங்தான்.”

பக்கத்து அரேஞ்சரில் நிருஷன் ஒரு விரலை வைத்ததும் கடை முழுவதும் மேளமும் பேஸுமாய் நிறைந்தது. அவன் அதையும் ரசித்தான். ஆனாலும் திரும்பும் வழியில் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான்.

“அக்கா, மற்றதையே எடுப்பம். அந்த வயலின் கேட்டனீங்கள்தானே? செற்றிங்கைச் சரியாக்கினாக் காணும்.”

“பாப்பம்.”

“உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை. நல்லூர்ப் பக்கம் ஒரு இசைக்குழு இருக்கெல்லோ, கோயில் திருவிழாவுக்கெல்லாம் போறவை? ரெண்டாவது கீபோட்டுக்கு ஆள் தேடினமாம். பங்குனி முடிய வந்து வாசிச்சுக் காட்டச் சொன்னவை. அவையளிட்டை உந்த வேர்க்ஸ்ரேசன்தான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான்: “அவை செற்றிங் எல்லாம் சரியா வைச்சிருப்பினம்தானே?”

சுபாஜினி வீதியில் இருந்த பள்ளத்தைக் காணவில்லை. ஸ்கூட்டி குதித்து இறங்கியது.

“ஓம்,” என்றாள்.

கடையில் சொன்னதைப் பதற்றத்தில் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ‘ஓம்’ அப்படி அல்ல. இது யோசித்துச் சொன்னது.

அன்று பின்னேரம் மயூரதன் காங்கேசன்துறையிலிருந்து வந்தான். அவன் அவளுடைய கணவன். அங்கே கப்பல் முனையத்தில் வேலை. பிளேன்ரீயைக் கொடுத்துவிட்டு, அவள் குசினி வாசலில் நின்றபடியே முழுவதையும் சொன்னாள். கலியாணம் கட்டி ஆறு வருடத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தரம்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “பதினாலு வருசமா ஒரு விரலோ?”

“சில நேரம் ரெண்டு.”

“அட, நான் உம்மைப் பெருநாள் பூசையிலை கண்டு, எங்கடை அம்மாவுக்கு என்ன சொன்னனான் தெரியுமோ? ரெண்டு கையாலையும் வாசிக்கிற பொம்பிளை, வீட்டு வேலையும் ரெண்டு கையாலையும் செய்யும் எண்டு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண் கலங்கியது. அவன் அதைக் கண்டு பகிடியை விட்டான்.

“இஞ்சை பாரும், உதிலை என்ன சோலி? அரேஞ்சரை எடும். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரிய வராது. கோயிலுக்கும் அதுதான் வசதி. காலைப் பூசைக்கு நீர் ஒராள்தானே நிக்கிறனீர், மேளக்காரன் வரப்போறானே?”

“அது சரிதான். ஆனா அவன் அங்கை போய் ஒரு விரலை வைச்சுப்போட்டு, பெட்டி பழுது எண்டு சொல்லப்போறான்.”

மயூரதன் அந்தக் காட்சியை மனத்தில் பார்த்துவிட்டான் போல. கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்தான்.

அன்றிரவு படுக்கப் போகும்வரை அவள் இரண்டு பெட்டியையும் மனத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். அரேஞ்சரைக் கேட்டால் கோயிலுக்கு வசதி. அது பொய் அல்ல. ஆனால் அந்த வசதிக்குப் பின்னால் அவள் ஒளிந்துகொள்வாள். வேர்க்ஸ்ரேஷனைக் கேட்டால், தன்னைத் திருத்துவதற்காக ஒரு பங்கின் பாட்டையே பணயம் வைத்தவளாவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன்னுடைய முகம்தான் முன்னால் வந்து நின்றது. ஒருவரும் கேள்வி கேட்காத முடிவை எடுப்பது இவ்வளவு கடினம் என்று அவளுக்கு முன்பு தெரியாது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் தனியாகக் கடைக்குப் போனாள். நளீர் ஒரு பழைய கீபோட்டைக் கவிழ்த்து வைத்து ஆணி கழற்றிக்கொண்டிருந்தார்.

“அண்டைக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை,” என்றாள்.

“கடைக்கு வந்த ஆளை நான் என்னெண்டு வெக்கப்படுத்திறது, மிஸ்?”

“உங்களுக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சதோ?”

நளீர் ஆணிகளை ஒரு மூடியில் போட்டார். “உங்கட கோயில் பெட்டியை நான் ரெண்டு தரம் திறந்தனான். கட்டைக்குக் கீழ ரப்பர் இருக்கும், வாசிக்க வாசிக்கத் தேயும். மூண்டு விரல் போடுறவையின்ரை பெட்டியில இடப்பக்கம் எல்லாம் ஒரேயடியாத் தேஞ்சிருக்கும். உங்கடதில நாலைஞ்சு கட்டைதான். பக்கத்தில இருக்கிறது கை படாத மாதிரிப் புதுசு.”

“அப்ப முதல் தரம் திறந்ததிலை இருந்து, அஞ்சாறு வருசமாத் தெரியும்.”

“தெரியும். அதில என்ன? கலியாண வீட்டுக்கு வாசிக்கப் போற பாதிப் பேர் அப்பிடித்தான்.”

அவள் கதிரையில் இருந்தாள். பிறகு தான் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டாள். “அரேஞ்சரை எடுத்து, அந்த ஒரு விரல் பொத்தானை நிப்பாட்டி வைச்சு, மூண்டு விரலாலை பழகலாம்தானே? பழகும் மட்டும் காலைப் பூசைக்குப் பொத்தானைப் போடலாம். ரெண்டும் நடக்கும்.”

“நடக்கும். தாராளமா நடக்கும். எனக்கு ரெண்டில எதை வித்தாலும் ஒண்டுதான்.” நளீர் திருப்புளியை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். “ஆனா மிஸ், நிப்பாட்டி வைக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு போன ஆக்களின்ரை பெட்டி திருத்த வரும்தானே, நான் முதல்ல அதைத்தான் பாக்கிறனான். நிப்பாட்டின ஒராளையும் நான் இன்னும் காணேல்லை.”

அவர் அதைக் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். ஆனால் சுபாஜினிக்குத் தன்னைத் தெரியும். ஞாயிறு காலை, கோயில் நிறைந்திருக்க, விரல் தடுமாறும் அந்த நிமிடத்தில் பொத்தான் அங்கே இருந்தால், அவள் அழுத்துவாள்.

“மற்றதிலை அந்தப் பொத்தான் இல்லையே?”

“தேடினாலும் கிடையாது.”

நிருஷனிடம் சொல்வதுதான் முதலில் நடக்க வேண்டியிருந்தது. செவ்வாய் பின்னேரம் அவன் வலை நூல் வாங்கிக்கொண்டு போகும் வழியில் கோயில் முற்றத்தில் நின்றான். அவள் சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் மறுபடியும் வேறு வரி வந்துவிடும் என்று பயந்தாள்.

“நிருஷன், அந்தப் பெட்டி பழுதில்லை. செற்றிங்கும் இல்லை. கோட்ஸுக்கு மூண்டு விரல் வேணும். எனக்கு அது தெரியாது. உமக்கு நான் காட்டினது பெட்டியின்ரை வேலையை.”

அவன் முதலில் பகிடி என்று நினைத்தான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

“யூரியூப்பிலை மூண்டு விரல் போடினம். அது பியானோக்காரர் எண்டு நினைச்சன்.”

“இல்லை. எல்லாரும் அப்பிடித்தான்.”

“அப்ப கடையிலை ஏன் சொல்லேல்லை? ஸ்கூட்டியிலை கேட்டன்தானே? ஓம் எண்டனீங்கள்.”

“பொய் சொன்னனான்.”

அவன் வலை நூல் பந்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினான். “மூண்டு வருசம், அக்கா. நான் எல்லாரிட்டையும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான், சுபா அக்காட்டைப் பழகிறன் எண்டு. அண்ணை பகிடி பண்ணுவான், நண்டு பிடிக்கிற கையாலை என்ன வாசிப்பு எண்டு. நான் அவனுக்குச் சண்டைக்குப் போவன்.” அவனுடைய குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. “உங்களுக்குத் தெரியாதெண்டா முதல் நாளே தெரியாதெண்டு சொல்லியிருக்கலாம். நான் கோவிச்சிருப்பனே?”

அவன் போய்விட்டான். வியாழக்கிழமை பாடல் பயிற்சிக்கு வரவில்லை.

செபநாயகத்திடம் சொல்வது அதைவிட விசித்திரமாக முடிந்தது. அவள் ஒற்றை விரல் விடயத்தை முதலிலிருந்து விளக்கினாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“அப்ப ஒரு விரல் வைச்சனீர்.”

“ஓம், அண்ணை.”

“பாட்டு வந்தது.”

“வந்தது. ஆனா...”

“பிள்ளை, ஒரு விரலோ பத்து விரலோ, பாட்டு வந்ததுதானே? உதுக்கேன் பாவசங்கீர்த்தனம் செய்யிற மாதிரி நிக்கிறீர்? எந்தப் பெட்டி வேணும், அதைச் சொல்லும்.”

“வேர்க்ஸ்ரேசன். ஆனா அதை எடுத்தா மேளம் வராது. நான் மெதுவாத்தான் வாசிப்பன், பிழை விடுவன். காலைப் பூசைக்கு வெறும் கோட்ஸ்தான். வேறை நல்ல வாசிக்கிற ஆள் கிடைச்சா நான் விலகி நிக்கிறன். இதெல்லாம் தெரிஞ்சுதான் நீங்கள் முடிவெடுக்கோணும்.”

இப்போது அவர் யோசித்தார். விலகி நிற்கிறேன் என்ற சொல்தான் அவரைத் தொட்டது. “எப்ப பழகி முடிப்பீர்?”

அவள் அதற்கும் யோசித்து வைத்திருந்தாள். “தவக்காலம் வருது. வழமையா மேளத்தை நிப்பாட்டித்தானே பாடுறனாங்கள்? இந்த முறை பெட்டியே இல்லாமல் பாடுவம். நாப்பது நாள். ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டினம். அதுக்குள்ளை பழகிறன்.”

“உயிர்த்த ஞாயிறுக்குக் கனிசியஸ் வீடியோ கேப்பான்.”

“அண்டைக்கு வாசிப்பன்.”

விபூதிப் புதனுக்கு முந்திய நாள் பெட்டி வந்தது. கனிசியஸின் தாயுடைய பெயர் பொறித்த சிறு தகடு முன்பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. செபநாயகம் அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினார். தவக்காலத்துப் பூசைகளில் குழாம் வெறும் குரலால் பாடியது. முதல் ஞாயிறு சுருதி இறங்கி இறங்கிப் போய்க் கடைசி அடி முனகலில் முடிந்தது. மூன்றாம் ஞாயிறு அளவில் ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்கினார்கள். அடி முடியும் இடத்தில் மூச்சு எடுக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் எடுத்தார்கள். பழைய பெட்டியின் மேளம் யாருக்கும் காத்திருந்ததில்லை. பதினான்கு வருடமாக அவர்கள்தான் அதற்குப் பின்னால் ஓடியிருக்கிறார்கள். சுபாஜினி வரிசையில் நின்று பாடிக்கொண்டே இதைக் கவனித்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நாளுக்கு ஒரு மணித்தியாலம் துணியை நீக்கிப் பழகினாள். மூன்று விரல் என்று சொல்வது இலகு. நான்காவது விரல் தன்பாட்டில் எழுந்து நின்றது. ஒரு கோட்ஸிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் வலது கை இரண்டு சொல் முன்னே போய்விடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘அவசரப்படாதேங்கோ’ என்று தினமும் சொல்பவள், தனக்கு அதைச் சொல்லிக்கொள்ள முடியாமல் உதட்டைக் கடித்தாள். முப்பத்திரண்டு வயதுக் கை புதிதாக எதையும் ஏற்றுக்கொள்ள விரும்பவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் நிருஷன் வாசலில் நின்றான்.

“நான் உங்களோடை ராசியாக வரேல்லை,” என்றான். “எனக்கு இந்தப் பெட்டி வேணும். இந்த ஊரிலை வேறை இல்லை.”

“சரி.”

“ஒரு மணித்தியாலம் நீங்கள். ஒரு மணித்தியாலம் நான்.”

“சரி.”

அவன் யூரியூப்பில் பார்த்ததைக் கடதாசியில் கட்டங்களாகக் கீறி வைத்திருந்தான். முதல் சில நாட்கள் அவளுடைய நேரம் முடியும்வரை வெளியே மதிலில் இருந்தான். பிறகு உள்ளே வந்து வாங்கில் இருந்தான். அதன் பிறகு ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், “பெருவிரலைத் தூக்காதேங்கோ, அக்கா. அதை அங்கேயே விட்டுட்டு மற்ற ரெண்டையும் நகத்துங்கோ,” என்றான். அவள் அப்படிச் செய்து பார்த்தாள். சரியாக வந்தது.

பங்குனி முடிய அவன் நல்லூருக்குப் போய் வாசித்துக் காட்டினான். எல்லாப் பாட்டுக்கும் எடுக்கவில்லை. இரண்டு பாட்டுக்குப் பின்னால் வயலின் சத்தத்தில் கோட்ஸ் மட்டும் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சத்தைப் பார்த்துச் சொல்வார்களாம். “நான் பெட்டி பழுது எண்டு சொல்லேல்லை,” என்று மட்டும் அவளிடம் சொன்னான். அதில் கோபம் முழுவதும் போயிருந்தது என்று சொல்ல முடியாது.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. வெளியே கொட்டகையிலும் ஆட்கள். செபநாயகம் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றார். ‘உன்னதங்களிலே’ கீதம் தொடங்க, சுபாஜினி மூன்று விரல்களை வைத்தாள். மேளம் இல்லை, பேஸ் இல்லை. தடித்த, நேரான ஒரு சத்தம் மட்டும். குழாம் அதற்காகக் காத்திருக்கவில்லை. நாற்பது நாளாகப் பழகிய தங்கள் நடையிலேயே பாடியது. அவள்தான் அவர்களைப் பின்தொடர வேண்டியிருந்தது. நடுவில் ஒரு கோட்ஸைப் பிழையாக வைத்தாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கை தன்பாட்டில் இடது மூலைக்கு, அந்தப் பழைய பொத்தான் இருந்த இடத்துக்குப் போனது. அங்கே வழவழப்பான தகரம்தான் இருந்தது. அவள் கையைத் திருப்பிக் கொண்டுவந்து அடுத்த கோட்ஸை வைத்தாள்.

பூசை முடிந்து ஆட்கள் கலையும்போது றீற்றா அன்ரி வந்தா. பங்கில் எது நடந்தாலும் அவவுக்குத் தெரிந்தால் பின்னேரத்துக்குள் கடற்கரை வரை தெரிந்துவிடும். பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து தகட்டை வாசித்தா.

“புதுசு எண்டாங்கள். மேளமும் இல்லை, ஒண்டும் இல்லை. கனிசியஸை நல்லாக் கடையிலை ஏமாத்திப்போட்டாங்கள், பாவம்.”

பாடகர் குழாம் முழுவதும் பக்கத்தில் நின்றது. நிருஷன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். சுபாஜினி வழமையாகச் சிரித்துவிட்டு ஒதுங்கிப் போகிற இடம் இது.

“ஏமாத்தேல்லை, அன்ரி,” என்றாள். எல்லோருக்கும் கேட்கும் குரலில்தான் சொன்னாள். “பெட்டியிலை பிழையில்லை. எனக்கு இடது கை வாசிக்கத் தெரியாது. இப்பதான் பழகிறன்.”

“என்ன கதை இது? பதினாலு வருசமா வாசிச்சனீர்!”

“அது பெட்டி வாசிச்சது, அன்ரி. நான் பக்கத்திலை நிண்டனான்.”

றீற்றா அன்ரி அவளுடைய இடது கையைப் பிடித்து, மீன் வாங்கும்போது செவுளைப் பார்ப்பதுபோல அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தா.

“அப்ப கெதியாப் பழகும், பிள்ளை,” என்றா. “ஆனியிலை கோயில் பெருநாள் வருது.”